மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தும் வழி: கடைசி சில மில்லிகிராம்களில்தான் வேலை அதிகம்

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், இப்போது நன்றாக இருக்கிறீர்கள், இனி நிறுத்தலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. முதலில் ஒன்று: டாக்டரிடம் பேசி முடிக்கும்வரை இன்றைய மாத்திரையை இன்றைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் இருப்பதிலேயே மோசமான வழி, ஒரு நாள் தைரியம் வந்து மொத்தமாக நிறுத்திவிடுவதுதான். பெரும்பாலானவர்களால் இந்த மாத்திரைகளை நிறுத்த முடியும். எவ்வளவு மெதுவாக, எந்த இடத்தில் இன்னும் மெதுவாக என்பதுதான் கேள்வி.

இது போதைப் பழக்கமா என்று பலருக்குச் சந்தேகம். இல்லை. மாத்திரைக்காக மனம் ஏங்குவதில்லை, டோஸைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றுவதுமில்லை. ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரு மருந்து தினமும் வரும்போது மூளையும் நரம்புகளும் அதற்கு ஏற்றாற்போல் தங்களை மாற்றிக்கொள்கின்றன. மருந்து குறையும்போது திரும்ப மாறவேண்டும்; அதற்கு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வருவதைத்தான் விலகல் அறிகுறிகள் என்கிறோம். இமிப்ரமின் என்ற பழைய மருந்தை நிறுத்தியவர்களிடம் 1959-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே, இது உங்கள் கற்பனையல்ல, பலவீனமுமல்ல.

எல்லோருக்கும் வருமா? வராது. 2024-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் ஏதோ ஓர் அறிகுறியைச் சொன்னார்கள்; மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் சொன்னார்கள். கடுமையான தொந்தரவு ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு. ஆனால் இதில் சேர்ந்த ஆய்வுகள் பலவற்றில் ஆட்கள் மருந்து எடுத்தது சில மாதங்கள்தான். பல ஆண்டுகளாக எடுப்பவர், இந்த எண்ணைப் பார்த்து ஆறுதல் கொள்ளலாம்; அவசரப்படக் கூடாது.

நிறுத்தும் நேரம் வந்துவிட்டதா

முதல் முறை மனச்சோர்வு வந்தவர்கள், நன்றாகிவிட்டது என்று உணர ஆரம்பித்த பிறகும் குறைந்தது 6 மாதமாவது அதே டோஸில் தொடரச் சொல்வது வழக்கம். அடிக்கடி திரும்பி வந்தவர்களுக்கு 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ சொல்வார்கள். நன்றாக இருப்பதே மாத்திரையின் தயவில்தான் என்ற ஒரு கட்டம் உண்டு. அதற்குள் கைவைத்தால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம்.

பிரிட்டனில் நீண்ட நாள் மாத்திரை எடுத்து, நலமாக இருந்த 478 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2021-இல் வந்தது. ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியவர்கள்: மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம். இதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. நிறுத்திய பிறகும் 100-இல் 44 பேர் ஓராண்டு நன்றாகவே இருந்தார்கள் என்பதும் உண்மை. மாத்திரை எடுத்துக்கொண்டே இருந்தாலும் உத்தரவாதமில்லை என்பதும் உண்மை. இந்த மூன்றையும் மனதில் வைத்து முடிவெடுங்கள்.

வேலை மாற்றம், தேர்வு, வீடு மாறுதல், பிரிவு, இறப்பு என்று ஏதாவது நடந்துகொண்டிருந்தால் தள்ளிப்போடுங்கள். முன்பு தற்கொலை முயற்சி செய்தவர்கள், அளவுக்கு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள், மிகக் கடுமையான மனச்சோர்வில் மருத்துவமனையில் இருந்தவர்கள் மனநல மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். கர்ப்பம் உறுதியானதும் பயந்துபோய் அன்றே நிறுத்துகிற பெண்கள் நிறைய. அது தாய்க்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல. அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், அதுவரை தொடருங்கள்.

ஏன் நிறுத்த நினைக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எடை கூடுவது, பாலுறவில் நாட்டமின்மை, அழுகையும் வராமல் சிரிப்பும் வராமல் மரத்துப்போனது போல் இருப்பது, இவைதான் காரணம் என்றால், டோஸைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாறுவதோகூடத் தீர்வாக இருக்கலாம். முற்றிலும் நிறுத்தாமல் சின்ன டோஸில் நின்றுவிட்டவர்களும் உண்டு. அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் மாத்திரை எது என்று பாருங்கள்

அட்டையில் கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது. மருந்துக்கு மருந்து உடலில் தங்கும் நேரம் வேறுபடுகிறது. இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரைவாழ்நேரம் என்பார்கள். வென்லாஃபாக்சினுக்கு அது சுமார் 5 மணி நேரம். உடலில் அது மாறி உருவாகும் பொருளுக்குச் சுமார் 11 மணி நேரம். டுலாக்சிட்டினுக்கு 12 மணி நேரம், பராக்சிட்டினுக்கு 21 மணி நேரம். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், சிட்டலோப்ராம் மூன்றும் ஏறக்குறைய ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள். ஃபுளுவாக்சிட்டின் தனி ரகம்: தொடர்ந்து எடுப்பவர்களில் அதற்கே 4 முதல் 6 நாள் ஆகும், அதிலிருந்து உருவாகும் பொருளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

இதன் பொருள், வென்லாஃபாக்சினிலும் பராக்சிட்டினிலும் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காலையில் போட மறந்த மாத்திரையை மாலையில் தலைசுற்றல் வந்து ஞாபகப்படுத்துகிறது என்றால் உங்கள் உடல் முன்கூட்டியே ஒரு தகவல் சொல்லிவிட்டது. ஃபுளுவாக்சிட்டின் தானாகவே மெல்ல இறங்குவதால் பலருக்கு எளிது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம்: தொந்தரவு வருவதானால் சில வாரம் தாமதமாக வரும். ஒரு வாரம் நன்றாக இருந்ததை வைத்து அடுத்த குறைப்புக்குப் போகக் கூடாது.

டாக்டரிடம் பேசுவது

"நிறுத்தலாமா?" என்று மட்டும் கேட்டால் "சரி, இரண்டு வாரம் பாதி போட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள்" என்ற பதிலோடு வெளியே வர வாய்ப்பு அதிகம். டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரிட்டனின் அதிகாரப்பூர்வ மருத்துவ வழிகாட்டுதலே 2019 வரை, விலகல் அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டுதான் மாற்றினார்கள். 2022-இல் வந்த புதிய வழிகாட்டுதல், ஒவ்வொரு படியிலும் முந்தைய டோஸில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்கிறது, டோஸ் சிறிதாகும்போது குறைக்கும் பங்கையும் சிறிதாக்கச் சொல்கிறது.

எனவே கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் மருந்து திரவ வடிவில் கிடைக்குமா? ஒவ்வொரு குறைப்புக்கும் நடுவில் எத்தனை வாரம்? தொந்தரவு வந்தால் முந்தைய டோஸுக்குத் திரும்ப உங்களைக் கேட்க வேண்டுமா, நானே திரும்பலாமா? அவசரத்தில் யாரை அழைப்பது? நான் எடுக்கும் மற்ற மருந்துகளின் அளவு மாறுமா? கடைசிக் கேள்வி சம்பிரதாயத்துக்கல்ல. ஃபுளுவாக்சிட்டினும் பராக்சிட்டினும் மெட்டோப்ரோலால் (இரத்த அழுத்த மருந்து) போன்ற வேறு சில மருந்துகள் உடலில் கரைவதைத் தடுத்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் அந்த மருந்துகளின் அளவு இரத்தத்தில் இறங்கும். நீங்கள் கேட்டதும் மறுப்பாகத் தலையாட்டுகிற டாக்டராக இருந்தால் காரணம் கேளுங்கள். காரணம் சரியாகப்பட்டால் காத்திருங்கள், படாவிட்டால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். சொல்லாமல் தனியாக ஆரம்பிப்பது மட்டும் வேண்டாம்.

ஏன் கடைசியில் மெதுவாகப் போக வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

டோஸைப் பாதியாக்கினால் மருந்தின் வேலையும் பாதியாகும் என்றுதான் யாரும் நினைப்போம். மூளையில் அப்படி நடப்பதில்லை. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை, நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தை அடைத்துக்கொள்கின்றன. எந்த டோஸில் எத்தனை சதவீதம் அடைபடுகிறது என்பதை மூளை ஸ்கேன் மூலம் அளந்திருக்கிறார்கள். சிட்டலோப்ராமை எடுத்துக்கொள்வோம். 60 மில்லிகிராமில் கிட்டத்தட்ட 88 சதவீதம் அடைபடுகிறது. 20 மில்லிகிராமில் சுமார் 80 சதவீதம். அதாவது 40 மில்லிகிராமைக் கழித்தும் மூளையில் இறங்கியது 8 புள்ளிகள்தான். இனி கீழே பாருங்கள்: 70 சதவீதத்துக்கு 9 மில்லிகிராம் போதும். 50 சதவீதத்துக்கு 3.4. 30 சதவீதத்துக்கு 1.5. வெறும் 0.4 மில்லிகிராம் இருந்தாலே 10 சதவீதம் அடைபட்டிருக்கும்.

மேல் படிகள் தட்டையாகவும் கீழ்ப் படிகள் ஆள் உயரத்துக்கும் கட்டப்பட்ட மாடிப்படி இது. மேலே நாலு படி தாவி இறங்கியவர், அதே தைரியத்தில் கடைசிப் படியிலும் குதித்தால் என்ன ஆகும்? 20-லிருந்து 10-க்கு வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை, 10-லிருந்து 5-க்கு வந்தபோது கொஞ்சம் தலைசுற்றல், 5-லிருந்து சைபருக்கு வந்ததும் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை என்று சொல்கிறவர்களின் கதை இதுதான். "5 மில்லிகிராம் எல்லாம் ஒரு டோஸா, சும்மா நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த 5 மில்லிகிராம் மூளையில் பாதிக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2019-இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஸ்கேன் எண்களை வைத்துத்தான், சமமான மில்லிகிராம்களாகக் குறைக்காமல் கீழே போகப்போகச் சிறிய துண்டுகளாகக் குறைக்க வேண்டும் என்று லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதினார்கள். ஹோரோவிட்ஸ் தாமும் மருந்தை நிறுத்தச் சிரமப்பட்டவர்.

திட்டம் போடுவது

முதல் குறைப்பைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய டோஸில் 10 சதவீதமோ 25 சதவீதமோ குறைத்துவிட்டு 2 முதல் 4 வாரம் அங்கேயே இருங்கள். ஒன்றும் தெரியவில்லையா? உங்கள் உடல் சற்று வேகத்தைத் தாங்கும். தொந்தரவு வந்து, இரண்டு வாரத்தில் அடங்கியதா? அடுத்த குறைப்பைச் சிறிதாக்குங்கள். வந்த தொந்தரவு தாங்கவே முடியவில்லையா? முந்தைய டோஸுக்குத் திரும்பி, அமைதியான பிறகு இன்னும் சிறிய துண்டாக ஆரம்பிக்க வேண்டும்.

சதவீதம் என்பது எப்போதும் அப்போதைய டோஸிலிருந்துதான் கணக்கிட வேண்டும். 20 மில்லிகிராமில் 10 சதவீதம் குறைத்தால் 18. அடுத்தது 16 அல்ல, 16.2. அப்புறம் 14.6, 13.1, 11.8 என்று போகும். துண்டுகள் தாமாகவே சிறிதாகிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். மேலே சொன்ன படிக்கட்டுக்கு ஏற்ற கணக்கு இதுதான். சில மாதம் மட்டுமே மருந்து எடுத்த ஒருவர் இவ்வளவு மெதுவாகப் போகத் தேவையில்லை. 50 சதவீதம், பிறகு 25 சதவீதம் என்று சில வாரங்களில் முடித்துவிடுவார். பல ஆண்டு எடுத்தவர், முன்பு ஒருமுறை நிறுத்தி அவதிப்பட்டவர் என்றால் பல மாதங்கள் ஆகும், ஓராண்டைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. "இந்தத் தேதிக்குள் முடித்துவிடுவேன்" என்று காலண்டரில் வட்டம் போட வேண்டாம். அடுத்த குறைப்பின் தேதியை மட்டும் குறித்தால் போதும்.

சின்ன டோஸை அளப்பது எப்படி

காகிதத்தில் 1.7 மில்லிகிராம் என்று எழுதுவது சுலபம். கையில் இருப்பதோ 10 மில்லிகிராம் மாத்திரை.

மாத்திரையை வெட்டும் சின்னப் பெட்டி மருந்துக்கடைகளில் கிடைக்கும். நடுவில் கோடு உள்ள மாத்திரையைப் பாதியாக்க, கால் ஆக்க அது போதும். அதற்குக் கீழே போனால் துண்டுகள் ஒரே அளவில் வராது, தூளாகும். அந்தக் கட்டத்துக்குத் திரவ மருந்துதான் நல்லது. ஃபுளுவாக்சிட்டின் திரவம் பரவலாக 5 மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் என்ற அளவில் வருகிறது. அப்படியானால் 1 மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம், 1 மில்லிலிட்டர் சிரிஞ்சில் 0.1 என்ற கோட்டுக்கு 0.4 மில்லிகிராம். ஊசி இல்லாத, வாய்வழி மருந்துக்கான சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். பாட்டிலில் நுனியை அமிழ்த்தி, வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக இழுங்கள். நுனியை மேலே பார்த்தபடி பிடித்து விரலால் சுண்டினால் காற்றுக்குமிழ் மேலே வரும். அதை வெளியே தள்ளிவிட்டு, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, உள்ளிருக்கும் கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு கோட்டில் உட்காரும்வரை மெல்லத் தள்ளுங்கள். சின்ன டோஸில் ஒரு குமிழ் என்பதே அன்றைய டோஸில் கால் பங்காக இருக்கலாம்.

லேபிளில் உள்ள அடர்த்தியை ஒவ்வொரு புதுப் பாட்டிலிலும் படியுங்கள். கம்பெனி மாறினால் எண்ணும் மாறலாம். சிட்டலோப்ராம் சொட்டு மருந்தில் இன்னொரு விநோதம்: அதன் 8 மில்லிகிராம், மாத்திரையின் 10 மில்லிகிராமுக்குச் சமம். இதுபோன்றவற்றை மருந்தாளரிடம் கேட்டு எழுதிவாங்கிக்கொள்வது உத்தமம்.

வென்லாஃபாக்சின், டுலாக்சிட்டின் கேப்ஸ்யூல்களுக்குள் சிறு குருணைகள் இருக்கும். அவற்றைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மெல்ல மெல்லக் கரைவதற்காக, அல்லது வயிற்று அமிலத்தில் கெடாமலிருப்பதற்காக மேலே பூச்சு இருக்கிறது. கேப்ஸ்யூலைத் திறந்து குருணைகளை எண்ணிக் குறைப்பவர்கள் உண்டு. எல்லாக் கம்பெனிக் கேப்ஸ்யூலிலும் குருணை ஒரே மாதிரி இருக்காது என்பதால், உங்கள் மருந்துக்கு அது பொருந்துமா என்று கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா? ஃபுளுவாக்சிட்டினில் நடக்கும், அது உடலில் நெடுநாள் தங்குவதால். மற்றவற்றில் வேண்டாம். 21 மணி நேரத்தில் பாதியாகும் பராக்சிட்டினை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால், அடுத்த மாத்திரை வருவதற்குள் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம் என்று தினமும் உடலை ஆட்டிவைப்பதற்கு, தினமும் சின்ன டோஸ் எவ்வளவோ மேல்.

என்னவெல்லாம் வரலாம்

தலைசுற்றல், குமட்டல், காய்ச்சல் வரப்போவது போன்ற உடல்வலி, வியர்வை, தூக்கமின்மை, தூங்கினால் சினிமா போல நீளமான கனவுகள், சின்ன விஷயத்துக்குக் கோபம், காரணமில்லாத பதற்றம், தொலைக்காட்சியில் விளம்பரத்தைப் பார்த்தாலும் பொத்துக்கொண்டு வரும் அழுகை.

இவற்றைவிட ஆட்களைப் பயமுறுத்துவது ஒன்று உண்டு. கதவு திறக்கும் சத்தம் கேட்டுச் சட்டென்று கண்ணை அந்தப் பக்கம் திருப்புகிறீர்கள். தலைக்குள் ஷாக் அடித்தது போல் ஒரு சொடுக்கு. அரை நொடி உலகம் தாவிக் குதித்த மாதிரி இருக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது. சிலருக்குக் காதில் 'விஷ்ஷ்' என்று சத்தம்கூடக் கேட்கும். மூளையில் ஏதோ வெடித்துவிட்டது என்று ஓட வேண்டாம். செரோட்டோனின் மருந்து குறைபவர்களிடம் இது நன்கு அறிந்த அறிகுறி, கண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும்போது அதிகம் வரும். ஆபத்தில்லை, எரிச்சல்தான். அடிக்கடி வரும் நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள், ஏணியில் ஏறாதீர்கள். ஆனால் மயங்கி விழுவது, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போவது ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

விலகலா, நோய் திரும்புகிறதா

இதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். அழுகை, பதற்றம், தூக்கமின்மை இரண்டிலும் உண்டு. டாக்டரும் நீங்களும் சேர்ந்து "பார், நோய் திரும்பிவிட்டது, மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும்" என்ற முடிவுக்கு வந்துவிட முடியும், உண்மையில் இறக்கம் வேகமாக இருந்ததுதான் காரணம் என்றாலும்.

பிரித்துப் பார்க்கச் சில தடயங்கள். குறைத்த சில நாட்களுக்குள் வந்தால் விலகலாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்ல ஊர்ந்து வரும். தலைக்குள் ஷாக், தலைசுற்றல், குமட்டல் போன்று உங்கள் பழைய நோயில் இல்லாத உடல் தொந்தரவுகள் கூடவே இருந்தால் விலகல். அலை அலையாக வந்து, நடுவில் நல்ல நாட்களும் கிடைத்தால் விலகல். பழைய டோஸுக்குத் திரும்பியதும் ஓரிரு நாளில் சரியானால் நிச்சயம் விலகல்தான் என்று சொல்லலாம். நோய்க்கு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். மாறாக, எதிலும் ஆர்வமின்மை, எல்லாம் என் தப்பு என்ற எண்ணம், வாழ்ந்து என்ன பயன் என்ற பாரம் ஆகியவை நாளுக்கு நாள் கூடி, பழைய முகத்தோடு வந்து உட்கார்ந்தால் அதை விலகல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

இதற்குத்தான் ஒரு நோட்டு வேண்டும். தேதி, டோஸ், தூங்கிய நேரம், தொந்தரவு 10-க்கு எத்தனை என்று ஓர் எண், அன்று நடந்த முக்கியமான விஷயம் ஒரு வரி. அவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதினால் நாள் முழுவதும் உடம்பையே கவனித்துக்கொண்டிருக்கும் பழக்கம் வந்துவிடும், அது வேறு தொல்லை.

தாங்க முடியாவிட்டால்

முதல் வேலை, மேலும் குறைக்காமல் அங்கேயே நிற்பது. பெரும்பாலான தொந்தரவுகள் நின்றாலே அடங்கும். நின்றும் அடங்கவில்லை என்றால் கடைசியாகச் சரியாக இருந்த டோஸுக்குத் திரும்புவது. மொத்தமாக நிறுத்திச் சில நாட்களே ஆகியிருந்தால், திரும்ப ஆரம்பிப்பது வேகமாக உதவும். மாதங்கள் கழித்து என்றால் எந்த டோஸில் ஆரம்பிப்பது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

விலகலைச் சமாளிக்கத் தூக்க மாத்திரையையோ பதற்றத்துக்கான பென்சோடயசிபீன் மாத்திரையையோ வாரக்கணக்கில் பிடித்துக்கொள்ள வேண்டாம். அவற்றை நிறுத்துவது இதைவிடக் கடினமாகிவிடலாம். மதுவும் அப்படித்தான், அன்றைய இரவு நிம்மதி, மறுநாள் இரட்டிப்புப் பதற்றம். மனத்துக்கு நல்லது என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை இந்த மாத்திரைகளோடு சேர்க்கவே கூடாது, செரோட்டோனின் ஆபத்தான அளவுக்குக் கூடும். டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் உள்ள இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை இரண்டும் அதே பட்டியலில். ஃபுளுவாக்சிட்டினை நிறுத்திய பிறகும் பல வாரம் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மற்றபடி, சாதாரண விஷயங்கள்தான் உதவுகின்றன. தினமும் ஒரே நேரத்தில் எழுவது. காப்பியைக் காலையோடு நிறுத்துவது. குமட்டல் இருந்தால் மாத்திரையைச் சாப்பாட்டுடன் எடுப்பது. நடப்பது; ஓட வேண்டியதில்லை, சிலருக்குக் கடுமையான உடற்பயிற்சி பதற்றத்தைக் கூட்டுகிறது. மனநல ஆலோசகரிடம் போகும் வசதி இருந்தால், நிறுத்திய பிறகல்ல, குறைக்க ஆரம்பிக்கும் முன்பே போங்கள். மாத்திரை இதுவரை செய்த வேலையில் ஒரு பகுதியைச் செய்ய வேறு ஏதாவது தயாராக இருக்க வேண்டாமா?

வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். "அடுத்த சில மாதம் நான் சிடுசிடுப்பேன், அது உன்மேல் உள்ள கோபமில்லை, ஆனால் நான் பேசாமல் ஒதுங்கினாலோ இராத்திரியெல்லாம் தூங்காமல் நடந்தாலோ என்னிடம் சொல், நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் டாக்டருக்கு போன் போடு." இந்த அளவு வெளிப்படையாகப் பேச முடிகிற ஆள்தான் சரியான ஆள். நமக்குள் நடக்கும் மாற்றம் பெரும்பாலும் கூட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

உடனே உதவி தேட வேண்டியவை

சாகலாம் என்ற எண்ணம், தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போகவேண்டும். தனியாக இருக்கக் கூடாது.

ஒரு நிமிடம்கூட உட்கார முடியாமல், தோலுக்குள்ளிருந்து யாரோ தள்ளுவது போல உள்ளே ஒரு பரபரப்பு, கால்கள் நடந்துகொண்டே இருக்கச் சொல்வது, இதற்கு அகதீசியா என்று பெயர். சாதாரணப் பதற்றம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். தற்கொலை எண்ணத்துக்கு இட்டுச்செல்லக் கூடியது இது. அதேபோல, தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், கட்டுக்கடங்காத பேச்சு, கன்னாபின்னாவென்று செலவு என்று போனால் அதுவும் அவசரம்தான்.

கடைசி டோஸும் அதற்குப் பிறகும்

எந்த டோஸிலிருந்து சைபருக்குப் போகலாம்? கொள்கை எளிது: அந்தக் கடைசிக் குறைப்பு மூளையில் ஏற்படுத்தும் மாற்றம், இதுவரை நீங்கள் தாங்கிய குறைப்புகளைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சிரமப்பட்டு இறங்கியவர்களுக்கு அது ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இருக்கும். சுலபமாக இறங்கியவர்கள் கடையில் கிடைக்கும் மிகச்சிறிய மாத்திரையின் பாதியிலிருந்தே போய்விடுவார்கள்.

நிறுத்திய அன்று மீதி மாத்திரைகளைத் தூக்கிப்போட வேண்டாம். சில மாதம் வரை, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள். திரும்ப வேண்டியிருந்தால் மறுபடி சீட்டுக்கு அலைய வேண்டியதில்லை. தற்கொலை எண்ணம் முன்பு இருந்தவர்கள் மட்டும் அதை வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். டாக்டரிடம் அடுத்த சந்திப்பை நிறுத்திய ஒரு மாதத்துக்குள்ளாகவும், அதன்பின் ஆறாவது மாதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். நோய் திரும்புவதானால் முதல் ஆறு மாதங்களில்தான் அதிகம். நோட்டில் எழுதுவதை அதுவரை வாரத்துக்கு ஒருமுறையாவது தொடருங்கள். ஆறு மாதம் கழிந்து எல்லாம் சரியாக இருந்தால் மீதி மாத்திரைகளை மருந்துக்கடையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், கழிவறையில் கொட்ட வேண்டாம்.